கையை விட்டால் நிற்குமா?

ஜாக்கி வாங்கக் கடைக்குப் போனால் எல்லோரும் கேட்பது, “எத்தனை டன் தூக்கும்?” என்பதுதான். கடைக்காரரும் 2 டன், 3 டன் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். நான் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்: தூக்கியாயிற்று, கையையும் எடுத்தாயிற்று, இப்போது வண்டி எதன் பலத்தில் மேலே நிற்கிறது?

பாரம் தூக்க மனிதர்கள் கற்றுக்கொண்டு பல ஆயிரம் வருஷம் ஆகிறது. கடப்பாரையை ஒரு கல்லின் மேல் சாய்த்து அழுத்தினால் பாறையே அசையும். அழுத்துவதை விட்டால் பாறை பழைய இடத்துக்கே வந்துவிடும். அதனால்தான் கடப்பாரையை யாரும் ஜாக்கி என்று சொல்வதில்லை. ஏறிய உயரத்தை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்ளத் தெரிந்த கருவிதான் ஜாக்கி. கையில் தூக்கிப் போகிற அளவுள்ள எந்த ஜாக்கியைப் பிரித்துப் பார்த்தாலும், அதைச் செய்தவர் அதிகம் மெனக்கெட்டிருப்பது இந்தப் பிடிமானத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

நம் எல்லோரிடமும் இருப்பதிலிருந்து தொடங்கலாம். கார் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் மடங்கிக் கிடக்கும் சிசர் ஜாக்கி. தகட்டை வளைத்துச் செய்த நான்கு கைகள் சாய்சதுரமாகச் சேர்ந்திருக்கும். இடது மூலைக்கும் வலது மூலைக்கும் நடுவே நீளமாக ஒரு திருகு. திருகைச் சுற்றினால் இரண்டு மூலைகளும் நெருங்கி வரும், தலை மேலே எழும்பும். பார்க்க எளிய பொருள்தான். ஆனால் இதில் எவ்வளவு யோசனை அடங்கியிருக்கிறது என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

கைகள் தரையோடு 45 டிகிரி சாய்வில் இருக்கும்போது, திருகின் மேல் வரும் இழுவிசை மேலே உள்ள பாரத்துக்குச் சமம். சாய்வு 30 டிகிரியாக இருந்தால் பாரத்தைப் போல 1.7 மடங்கு. 15 டிகிரியில் 3.7 மடங்கு. ஜாக்கி தட்டையாகப் படுத்து 10 டிகிரியில் இருந்தால் 5.7 மடங்கு. சின்னக் கார் ஒன்றின் முன்பக்கத்தைத் தூக்க ஜாக்கியின் தலையில் 400 கிலோ ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 டிகிரியில் அந்தத் திருகு 1,500 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். 60 டிகிரிக்கு எழும்பிவிட்டால் 230 கிலோதான்.

ஏறும் வேகமும் இதே கணக்கில்தான் மாறுகிறது. திருகின் ஒரு சுற்றுக்கு மூலைகள் 3 மில்லிமீட்டர் நெருங்குகின்றன என்றால், 15 டிகிரியில் தலை 11 மில்லிமீட்டர் ஏறும். 45 டிகிரியில் 3 மில்லிமீட்டர். 60 டிகிரியில் 2 மில்லிமீட்டர்கூட ஏறாது. ஆரம்பத்தில் சட்டென்று எழும்பி, போகப் போக மெதுவாகும்.

அப்படியென்றால் தூக்கத் தொடங்கும்போதே திருகு திணற வேண்டுமே? அங்கேதான் வண்டியின் சஸ்பென்ஷன் கைகொடுக்கிறது. ஜாக்கி வண்டியைத் தொட்ட உடனே முழுப் பாரமும் அதன் தலையில் இறங்குவதில்லை. பாடி மேலே போகப் போக, சக்கரத்தை அழுத்திக்கொண்டிருந்த ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது. டயர் தரையில்தான் இருக்கும், ஆனால் அது தாங்கும் பாரம் சிறிது சிறிதாக ஜாக்கிக்கு மாறும். டயர் தரையை விட்டு எழும்பும் நேரத்தில்தான் முழுப் பாரமும் ஜாக்கி மேல் வரும். அதற்குள் கைகள் நன்றாக நிமிர்ந்திருக்கும். கருவி பலவீனமாக இருக்கும்போது பாரம் குறைவு, பாரம் கூடும்போது கருவி பலமாகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது.

மடங்கிய நிலையில் ஜாக்கி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பஞ்சர்தான். காற்று இறங்கினால் வண்டியும் இறங்கிவிடும். அந்த இடுக்கிலும் ஜாக்கி நுழைய வேண்டும். மேல் உயரத்தைத் தீர்மானிப்பது ஸ்டெப்னி. காற்றில்லாத டயரைக் கழற்றப் போதுமான உயரம், காற்றடித்த டயரை மாட்டப் போதாது.

நேரம் கிடைத்தால் உங்கள் ஜாக்கியை வெளியே எடுத்து அடித்தட்டுப் பக்கம் குனிந்து பாருங்கள். கீழ்க் கைகள் இரண்டும் வந்து சேரும் இடத்தில், தகட்டின் ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒரு கையின் பற்கள் அடுத்த கையின் பற்களோடு கோத்திருக்கும். மேலே தலைக்குக் கீழும் அதேபோல. இந்தப் பற்கள் பாரம் தூக்க வைத்தவை அல்ல. ஒரு கை எத்தனை டிகிரி நிமிர்கிறதோ அடுத்த கையும் அத்தனையே நிமிர வேண்டும் என்று கட்டிப்போடுவதுதான் அவற்றின் வேலை. பற்கள் இல்லையென்றால் சாய்சதுரம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். வண்டியும் கூடவே சரியும். பழைய ஜாக்கியில் இந்தப் பற்கள் தேய்ந்தோ மடங்கியோ இருந்தால், திருகு எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதை வண்டிக்கு அடியில் வைக்காதீர்கள்.

திருகு படுக்கை வாட்டில் இருப்பதில் இன்னொரு லாபம். அதன் மேல் வருவது இழுவிசை மட்டும்தான். அமுக்குகிற விசை வந்தால் மெல்லிய கம்பி நடுவில் வளைந்துவிடும். இழுக்கிற விசைக்கு அந்தப் பயம் கிடையாது. அதனால்தான் விரல் தடிமன் திருகே ஒரு காருக்குப் போதுகிறது. லாரிக்கு வைக்கும் பழைய ஸ்க்ரூ ஜாக்கியில் திருகு செங்குத்தாக நின்று பாரத்தை நேராகத் தலையில் வாங்கும். அது தடியாக இருந்தே ஆக வேண்டும்.

சரி, கையை விட்டால் ஏன் திருகு தானாகவே பின்னால் சுற்றிக்கொள்வதில்லை?

திருகின் மரை என்பது ஒரு தண்டைச் சுற்றி ஏறும் சாய்தளம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதை போட்டிருக்கிறார்களே, அதுபோல: நேராக ஏற முடியாத உயரத்தைச் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது. சராசரி விட்டம் 36 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 6 மில்லிமீட்டர் என்று ஒரு ஸ்க்ரூ ஜாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 113 மில்லிமீட்டர் தூரம் போய் 6 மில்லிமீட்டர் ஏறுகிறது. சாய்வு 3 டிகிரி. எஃகும் எஃகும் உரசும்போது உராய்வுக் கெழு 0.15 என்று வைத்தால், ஒரு பொருள் தானாகச் சறுக்கத் தொடங்கச் சாய்வு 8.5 டிகிரியாவது இருக்க வேண்டும். 3 டிகிரியில் சறுக்க வழியே இல்லை. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் இது மாறாது. பாரம் கூடினால் அமுக்கம் கூடும், அமுக்கம் கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும்.

கிரீஸ் தடவினால் சறுக்கிவிடுமோ என்று சிலர் கேட்பார்கள். கிரீஸ் தடவினால் கெழு 0.1 அளவுக்குக் குறையலாம். அப்போதும் சறுக்கச் சாய்வு 5.7 டிகிரி வேண்டும். நம் மரையோ 3 டிகிரி. கிரீஸ் பட்ட நிலையிலும் நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் மரையின் சாய்வை இவ்வளவு குறைவாக வைக்கிறார்கள். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை தாராளமாகக் கிரீஸ் தடவுங்கள். துரு பிடித்த திருகுதான் ஆபத்து. அதிர்வு மட்டும் வேறு கதை. தொடர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தால் பூட்டிக்கொண்ட மரையும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். ஜாக்கியில் நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓடவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தப் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை பெரியது. மேலே சொன்ன திருகில், நாம் போடும் உழைப்பில் 26 சதவீதம்தான் பாரத்தை உயர்த்தப் போகிறது. தலைப்பக்கத்து வாஷரின் உராய்வையும் சேர்த்தால் அதுவும் குறையும். மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். இதை யாராலும் சரிசெய்ய முடியாது. தானாகப் பூட்டிக்கொள்ளும் எந்தத் திருகுக்கும் திறன் 50 சதவீதத்தைத் தாண்டாது. காரணம் யோசித்தால் எளிதுதான். பாரத்தைத் தனியாகவே தடுத்து நிறுத்தும் அளவுக்கு உராய்வு இருக்கிறது என்றால், தூக்கும்போது அந்த உராய்வை வெல்லச் செலவழிப்பது, பாரத்தை உயர்த்தச் செலவழிப்பதற்குக் குறையாமல்தான் இருக்கும். பாதிக்கு மேல் வீணாகிறது என்பதும் கையை விட்டால் நிற்கிறது என்பதும் ஒரே உராய்வின் வேலை. ஒன்றை வேண்டாம் என்றால் மற்றதும் போய்விடும்.

இந்த உராய்வை நம்பி ஒரு ஊரையே தூக்கியிருக்கிறார்கள். சிகாகோ நகரம் ஏரிக்கரையில் தாழ்ந்த சேற்று நிலத்தில் எழுந்த ஊர். 1850-களில் சாக்கடை போட வேண்டும் என்றபோது, தண்ணீர் ஓடச் சரிவு கிடைக்கவில்லை. தெருமட்டத்தையே உயர்த்துவது என்று முடிவெடுத்தார்கள். அப்போது கட்டடங்களும் கூடவே உயர வேண்டுமல்லவா? 1860-இல் லேக் ஸ்ட்ரீட்டில் 320 அடி நீளத்துக்கு வரிசையாக நின்ற கல், செங்கல் கட்டடங்களை மொத்தமாகத் தூக்கினார்கள். நான்கைந்து மாடிகள், எடை 35,000 டன் என்று கணித்தார்கள். 6,000 ஸ்க்ரூ ஜாக்கிகள், 600 ஆட்கள். ஐந்து நாளில் 4 அடி 8 அங்குலம். கடைகள் அந்த ஐந்து நாளும் திறந்தே இருந்தன. மறு வருஷம் ட்ரெமான்ட் ஹவுஸ் என்ற செங்கல் ஓட்டலை, உள்ளே விருந்தினர்கள் தங்கியிருக்கும்போதே உயர்த்தினார்கள். பின்னால் ரயில் படுக்கைப் பெட்டிகளால் புகழ்பெற்ற ஜார்ஜ் புல்மன் இந்த வேலையில்தான் சிகாகோவில் பேர் வாங்கினார்.

வகுத்துப் பாருங்கள். ஒரு ஜாக்கிக்கு 6 டன்னுக்கும் குறைவு. ஒரு ஆளுக்கு 10 ஜாக்கிகள். ஒருவர் ஒரு ஜாக்கியைக் கொஞ்சம் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். அந்த நேரத்தில் முதல் ஜாக்கியை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மற்ற ஒன்பதும் அப்படியே நின்றதால்தான் ஒரு ஆளால் பத்தைக் கவனிக்க முடிந்தது. திருகு தானாகப் பூட்டிக்கொள்ளவில்லை என்றால் 6,000 ஜாக்கிக்கு 6,000 ஆட்கள் தேவைப்பட்டிருப்பார்கள்.

சென்னையில் இதே வேலை இன்றும் நடக்கிறது. சாலைக்கு மேல் சாலை போட்டு, வீடுகள் பள்ளத்தில் இறங்கிப்போன தெருக்களில், மழைத் தண்ணீருக்குப் பயந்து வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். அஸ்திவாரச் சுவரைப் பகுதி பகுதியாக உடைத்து, இரும்புச் சேனலைக் கீழே கொடுத்து, ஜாக்கிகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவு திருப்பிக்கொண்டே போவார்கள். ஒன்று அதிகம் ஏறினாலும் சுவரில் விரிசல் விழும். அந்த வேலை நடக்கிற இடம் எங்கேயாவது கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். அங்கே வரிசையாக நிற்பவை பெரும்பாலும் ஸ்க்ரூ ஜாக்கிகள்தான்.

இனி எண்ணெய்க்கு வருவோம். பாட்டில் ஜாக்கி.

அடைபட்ட திரவத்தில் ஒரு இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் சொன்னது. அதை வைத்து ஜோசப் பிராமா லண்டனில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது 1795-இல். ஒரு நூற்றாண்டுக்கு மேல் தெரிந்திருந்த விதி கருவியாக மாற ஏன் இவ்வளவு தாமதம்? கசிவுதான் காரணம். பெரிய பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாக அடைத்தால் பிஸ்டன் நகராது; நகரும்படி விட்டால் தண்ணீர் பீய்ச்சும். பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் இதற்கு வழி கண்டவர் என்பார்கள். கிண்ணம் போல வளைத்த தோல் வளையம். உள்ளே அழுத்தம் ஏறினால், அந்த அழுத்தமே தோலின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். அழுத்தம் இறங்கினால் தளர்ந்து வழிவிடும். இன்றைக்கு பாட்டில் ஜாக்கியைப் பிரித்தால் தோலுக்குப் பதில் ரப்பரோ பாலியூரித்தேனோ இருக்கும், ஆனால் உதடு அதேதான். 1851-இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் இதைத் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருக்கிக் காப்புரிமை பெற்றார்.

பாட்டில் ஜாக்கியின் பாட்டில் வடிவத்துக்கே ஒரு காரணம் உண்டு. நாம் பார்ப்பது வெளிக் குழாய். உள்ளே இன்னொரு குழாய், அதுதான் சிலிண்டர். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியே எண்ணெய்த் தொட்டி. தனியாகத் தொட்டி வைத்தால் இவ்வளவு சின்னதாக வராது. பாரத்தோடு மேலே ஏறும் தண்டான ராமின் விட்டம் 30 மில்லிமீட்டர், எண்ணெயைத் தள்ளும் பம்ப் பிளஞ்சரின் விட்டம் 10 என்றால் பரப்பளவில் 9 மடங்கு. லிவர் இன்னொரு 15 மடங்கு கொடுக்கிறது. 2 டன் பாரத்தைத் தூக்கக் கையால் 15 கிலோ அழுத்தினால் போதும். அந்த நேரம் உள்ளே எண்ணெயின் அழுத்தம் 280 பார். கார் டயரில் இருப்பதைவிட 100 மடங்குக்கு மேல். திறனில் திருகைவிட இது எங்கோ மேலே. உராய்வு குறைவு, கை வலிக்காது.

உராய்வு குறைவு என்றால், நிறுத்தி வைப்பது எது? எண்ணெய் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு எஃகுக் குண்டு. சைக்கிள் ஹப்பில் போடும் குண்டு அளவு இருக்கும். அது உட்காரும் துளையின் விளிம்பில், தலைமுடி அகலத்துக்கு ஒரு பளபளப்பான வளையம் தெரியும். குண்டும் அடித்தட்டும் தொடுவது அந்த வளையத்தில் மட்டும்தான். இரண்டு டன் வண்டி மேலே நிற்பது அந்த வளையத்தின் சுத்தத்தால். ஒரு மணல் துகள் அங்கே சிக்கினால் குண்டு சரியாக உட்காராது, எண்ணெய் மெல்லத் திரும்பும், வண்டி கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். ராத்திரி தூக்கி வைத்த லாரி காலையில் இறங்கி நிற்பது இப்படித்தான். ஜாக்கி ரிப்பேர் செய்பவர்கள் இதற்குச் செய்யும் வைத்தியம் அழகானது. துளையைத் துடைத்து, ஒரு குண்டை உட்காரவைத்து, பித்தளைக் கம்பியை அதன் மேல் நிறுத்திச் சுத்தியால் ஒரே தட்டு. விளிம்பு குண்டின் வடிவத்துக்கே மறுபடி பதிந்துவிடும். தட்டு வாங்கிய குண்டை எறிந்துவிட்டுப் புதுக் குண்டு போடுவார்கள்.

எண்ணெய் குறைந்திருந்தால் ஹைட்ராலிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஊற்றினால் அந்த ரப்பர் உதடு உப்பி உருக்குலைந்துவிடும். ஜாக்கியைப் படுக்கப் போட்டுப் பயன்படுத்தினால், பம்ப் உறிஞ்சும் துளை எண்ணெய்க்கு மேலே வந்து காற்றை இழுக்கக்கூடும். காற்று அமுங்கக்கூடியது, எண்ணெய் அமுங்காது. காற்று புகுந்த ஜாக்கியில் லிவர் பஞ்சு போல இறங்கும், ராம் ஏறாது.

ட்ராலி ஜாக்கியும் உள்ளே இதே எண்ணெய்தான். அதன் சக்கரங்கள் தள்ளிக்கொண்டு போக வசதிக்காக மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் வேறு காரணமும் உண்டு. அதன் தூக்கும் கை ஒரு வில் பாதையில் எழும்புகிறது, அதாவது தலை ஏறும்போதே பக்கவாட்டிலும் நகர்கிறது. வண்டி நகராது, அதனால் ஜாக்கிதான் உருண்டு உள்ளே போய் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட வேண்டும். சக்கரத்தை ஏதாவது தடுத்தால், தலை வண்டியின் சேஸில் இருந்து வழுக்கிவிடும். தரையில் சிறு கல்கூட இல்லாமல் கூட்டிவிட்டு வையுங்கள்.

எந்த ஜாக்கியாக இருந்தாலும் கடைசியில் அது நிற்பது மண்ணில். 8 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அடித்தட்டில் 400 கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. டயர் தரையில் அழுத்துவதைவிட இரண்டு மடங்குக்கு மேல். சாலையோர மண்ணில் அது புதையாமல் இருக்காது. மே மாத வெயிலில் இளகிய தாரில்கூட அமுங்கும். ஓரடிக்கு ஓரடி கெட்டியான பலகை ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள். அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும்.

முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் முன் சக்கரத்தைத் தூக்குகிறீர்கள் என்றால் கியரை நம்ப வேண்டாம். ஒரு சக்கரம் காற்றில் இருந்தால் டிஃபரன்ஷியல் அதைச் சுற்றவிட்டு, தரையில் உள்ள சக்கரத்தையும் உருளவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகே ஜாக்கியைத் தொடுங்கள்.

டயர் மாற்ற ஜாக்கி மட்டும் போதும். உடம்பில் எந்தப் பகுதியையும் வண்டிக்கு அடியில் நுழைக்க வேண்டியிருந்தால் போதாது. அதற்கு ஜாக் ஸ்டாண்டு இருக்கிறது. இரும்புத் தூணில் பல்லோ, குறுக்கே போகும் முளையோ பாரத்தை நேரடியாகத் தாங்கும். இறங்க எண்ணெயும் இல்லை, இளக மரையும் இல்லை. ட்ராலி ஜாக்கி வாங்கும்போது அதே பில்லில் ஒரு ஜோடி ஸ்டாண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டைச் சேஸுக்கு அடியில் நிறுத்தி, எண்ணெயைத் திரும்ப விடும் ரிலீஸ் வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து, பாரம் முழுவதும் ஸ்டாண்டில் உட்காரும் வரை மெதுவாக இறக்குங்கள். பிறகு வண்டியைப் பக்கவாட்டில் ஒருமுறை அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அசையவில்லை என்றால் வேலையை ஆரம்பிக்கலாம்.